சனிக்கிழமை ஒழுகும் குழாய்

கடைசிக் குழாயின் முனையில் மாட்டியிருந்த மூடியை மறுபடியும் காணோம். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டிப் பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

நஜ்வா குனிந்து குழாய் முனையைக் கையால் பொத்தினாள்.

"மாமா! இது மூணாவது சனிக்கிழமை. மூடி எங்கே?"

தோட்டத்துச் சொந்தக்காரர் ஹத்தூ மாதுளை மரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "தெரியலையே மகளே. கழண்டு விழுந்திருக்கும்."

"விழுந்தது எங்கே போச்சு? கழுதை தின்னுடுச்சா?"

"அதை ஏன் இழுக்கிறே? அது பாட்டுக்கு நிக்குது."

ஸ்கூரா என்ற அந்த ஊரின் கடைத்தெருவில் நஜ்வாவும் அவள் அண்ணனும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். சொட்டு நீர்க் குழாய், வெயிலில் ஓடும் மோட்டார், இதுதான் வியாபாரம். மழை பொய்த்து, கிணறு வருஷத்துக்கு வருஷம் கீழே போகும் ஊர். பாதித் தண்ணீரில் வெள்ளாமை எடுக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நம்பித் தோட்டத்தைக் கொடுத்தவர் ஹத்தூ ஒருத்தர்தான்.

அந்தத் தோட்டத்தைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரத்தில் எட்டு விவசாயிகள் வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் கடை பிழைக்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"சொட்டு நீர் பிடிக்கலேன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா. போன்ல ஆஹா ஓஹோன்னு புகழ்ந்துட்டு, இங்கே இப்படித் தொறந்து விட்டா எப்படி?"

ஹத்தூ மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

திருந்தாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் எங்கே போய் வீணாகிறது என்றாவது பார்ப்போம் என்று அதன் கூடவே பள்ளத்தில் இறங்கினாள்.

கீழே கையகல நிலம். முழுக்கப் புதினா. அந்த நிலத்துக்காரி, புருஷனை இழந்த தூதா, மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் போட்டு, வந்த தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, குழாய்க்காரப் பொண்ணே. மேலே உன் சத்தம் கேட்டுச்சு. அந்த மனுஷனைத் திட்டாதே. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அவர் தண்ணியை வீணாக்குறார் பெரியம்மா."

"அவர் எங்கே வீணாக்குறார்? உன் குழாய்தான் ஒழுகுது." தூதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்னெல்லாம் அவர் வாய்க்கால்ல பாய்ச்சுவார். மிஞ்சினது எனக்கு வரும். நீ குழாய் போட்ட அன்னிக்கு நின்னுச்சு பாரு, ஒரு பொட்டு வரலே. புதினா கருகிப் போச்சு. திங்கட்கிழமை சந்தைக்குக் கொண்டுபோக நாலு கட்டுகூடத் தேறலே. ஆண்டவன் கண் திறந்தான். உன் குழாய் மட்டமான குழாயாப் போச்சு."

நஜ்வா மேலே ஹத்தூ நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்டேயே கேட்டிருக்கலாமே பெரியம்மா?"

"கேக்கறதா? பெருநாளைக்கு அவர் பொண்டாட்டி அனுப்பின பேரீச்சம்பழத்தையே கூடையோட திருப்பி அனுப்பினவ நான். கை நீட்டி வாங்க மாட்டேன். ஒழுகுற தண்ணி யாரும் கொடுக்கறது இல்லையே." அவள் நஜ்வாவின் கன்னத்தைத் தட்டினாள். "பயப்படாதே. உன் குழாய் ஒழுகுதுன்னு நான் யார்கிட்டேயும் மூச்சு விடலே. உனக்கும் பொழைப்பு நடக்கணுமே."

நஜ்வா மெல்ல மேட்டில் ஏறினாள். மேல் தோட்டத்தில் பாய்ச்சி மிஞ்சிய கடைசித் தண்ணீர் கீழ்த் தோட்டத்துக்கு. அந்த ஊரில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் அது. குழாய் போடுமுன் அவள் கிணற்றை அளந்தாள், மரத்தை எண்ணினாள், மண்ணைச் சோதித்தாள். பள்ளத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. சொட்டு நீரில் கடைசித் தண்ணீர் என்று ஒன்றே கிடையாது.

அதற்குள் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.

"இது என்ன, சொட்டு நீரா, ஆத்து வெள்ளமா?" ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"குழாயே ஒழுகுதா, இல்லே யாராவது தொறந்து விட்டாங்களா? அதைச் சொல்லும்மா முதல்லே," என்றான் இன்னொருவன்.

பள்ளத்தில் தூதா புதினாக் கட்டோடு நிமிர்ந்து நின்றாள். அங்கே பேசுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது அங்கே கேட்கும். ஹத்தூ தரையைப் பார்த்தார். அங்கிப் பைக்குள் அவர் கை மூடி அளவில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

நஜ்வா மனசுக்குள் ஒரு பிஸ்மில்லா சொல்லிக்கொண்டாள்.

"குழாய்தான் ஒழுகுது," என்றாள் சத்தமாக. "சனிக்கிழமையானா ஒழுகுது. நானும் பார்த்துட்டேன், என்னால சரி பண்ண முடியலே."

"நல்ல வியாபாரம் போ! தன் சரக்கைத் தானே மட்டம்னு சொல்றா," என்று தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மோட்டார் சைக்கிள்களின் புழுதி அடங்கியது. ஹத்தூ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

வந்தவர்களில் லஹ்பீப் என்கிற பெரியவர் மட்டும் போகவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். அது போய்ச் சேரும் புதினாவைப் பார்த்தார். ஹத்தூவின் பையைப் பார்த்தார். பிறகு நஜ்வாவிடம் வந்து, பள்ளத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"என் தோட்டத்துக்கும் குழாய் போடு மகளே. ஆனா ஒண்ணு, எனக்குக் கீழேயும் ஒரு குடும்பம் இருக்கு. இதே மாதிரி ஒழுகுற குழாயாப் பார்த்துப் போடு."