கதவு செய்த குற்றம்

அவன் ஆபீஸிலிருந்து திரும்பியபோது வீட்டுக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. தச்சுப் பட்டறைக்காரம்மா அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள். பட்டறைப் பெண்கள் இருவர் அலமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா அநியாயம் இது?"

"உன் பெண்டாட்டி நெத்தி ஏன் வீங்கியிருக்கு?"

"கதவுல இடிச்சுக்கிட்டா."

"அதான் கழட்டிட்டேன். நான் செஞ்ச கதவு இப்படிப் பண்ணலாமா? போன மாசம் உதடு கிழிஞ்சதே, அது?"

"அது... அலமாரி."

"அதுவும் நான் செஞ்சதுதான். போகட்டும். கை முறிஞ்சதுக்கு மாடிப்படின்னு சொன்னே. இடிக்க ஆள் வருது."

தெருவே வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? கதவு என்ன பண்ணும்? கை நீட்டினது நான்தானே!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பட்டறைக்காரம்மா வண்டிப் பக்கம் திரும்பினாள்.

"கோளாறு எதுலன்னு தெரிஞ்சுபோச்சு. அலமாரியை இறக்குங்கடி. இவனை ஏத்துங்க."

"என்னையா? எங்கே?"

"பட்டறைக்கு. பழுதான சரக்கைச் செஞ்சவதானே திரும்ப எடுத்துக்கணும்!"

அவனை அலாக்காகத் தூக்கி வண்டியில் போட்டார்கள். பட்டறைக்காரம்மா கதவை மறுபடி நிறுத்தி, நெற்றியில் ஐஸ் கட்டியோடு நின்ற பெண்ணைக் கேட்டாள்:

"வெளித்தாழ்ப்பாளையும் வெச்சிரட்டுமா?"

"வேண்டாம் அத்தை. உள்பக்கம் மட்டும் போதும்" என்றாள் மருமகள்.