செம்புத் தகடு

மூத்தவள் முதலில் அந்தச் செம்புத் தகட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து மெல்லக் குழிக்குள் இறக்கினாள். அடுத்து ஒரு பை உப்பு. அதற்கடுத்து ஒரு கூடை கரி. கூடை காலியாக மேலே வந்தது.

அடுப்படி ஜன்னலில் நின்ற இளையவளுக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. நடுவில் மதில் மறைத்ததால் குழி தெரியவில்லை. மூத்தவளின் இடுப்புக்கு மேலும், பக்கத்தில் குவிந்திருந்த மண்ணும்தான் தெரிந்தன. அவள் குனிந்து குழியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். நடுநடுவே தலையை வேறு ஆட்டிக்கொண்டாள்.

உப்பு, கரி, தகடு. போதாததற்கு மந்திரம்!

"செய்வினை வைக்கிறாளே, படுபாவி!" இளையவள் பொருமினாள்.

இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வீடு இரண்டாகி நடுவே மதில் எழும்பியது. என்ன சண்டை என்று கேட்டால் இப்போது இருவருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் பகை மட்டும் புத்தம் புதுசாக இருந்தது. அந்தப் பக்கத்து மரத்தின் வேர்கூட இங்கே தலைகாட்டக் கூடாது என்று, மதில் எழுந்த வாரமே இளையவள் தன் முற்றம் முழுக்க, ஒரு சாண் இடம் விடாமல், சிமென்ட் பூசிவிட்டாள்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம்தான் கை வளையல் இரண்டையும் விற்று எம்பிராய்டரி மெஷின் வாங்கியிருந்தாள். இருநூறு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குச் சின்னம் தைத்துத் தரும் ஆர்டர், அவளுடைய முதல் ஆர்டர், வந்திருந்தது. மின்னல் அடித்தால் மெஷினில் உள்ள போர்டு கருகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சர்ஜ் பெட்டியும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"பெட்டி மட்டும் போதாதும்மா, எர்த்து..." என்று அவர் ஆரம்பித்தபோது, "அத நான் பாத்துக்கறேன், நீங்க வாங்க" என்று கணவன் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். இளையவளின் கவனமெல்லாம் பெட்டியில் எரிந்த பச்சை விளக்கில்தான். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு கண்கள் அதைப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள்.

தகடு குழிக்குள் போன அன்று சாயங்காலம் கணவன் சட்டையெல்லாம் மண்ணாக வந்து நின்றான்.

"எங்க போய்ப் பொரண்டுட்டு வர்றீங்க?"

"வண்டி சறுக்கிடுச்சு."

"அது ஒண்ணுதான் கொறச்சல்!"

தகட்டைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணிக்குத்தான் வக்காலத்து வாங்குவான், வாயில்லாப் பூச்சி.

மறுநாள் மதியம் மூத்தவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனாள். இளையவள் மதிலோரத் தண்ணீர் டிரம்மை நகர்த்திவிட்டு, மழைத் தண்ணீர் போகும் ஓட்டையில் கண்ணை வைத்தாள். மூடிய குழியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்று கிளம்பி, ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து, டிரம்மின் மறைவில் அவள் வீட்டுச் சுவரில் ஏறியது.

"கட்டு! வீட்டையே கட்டிப்போட்டிருக்கா!"

கம்பி எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. மெஷினோடு வந்த கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள்.

"உன் பாச்சா என்கிட்ட பலிக்காதுடி."

நாலு மணிக்கு வானம் கறுத்தது. நூற்று நாற்பத்தோராவது சட்டை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தபோது வீடே அதிர இடி விழுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். ஊசி பாதிச் சின்னத்தில் நின்றது. மெஷினின் வயிற்றிலிருந்து கரும்புகை வந்தது.

இளையவள் தலைவிரிகோலமாக மழையில் மதிலுக்கு ஓடினாள். மூத்தவள் அப்போதுதான் நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழையப் போனாள்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?"

"வாய அடக்கிப் பேசு. என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காத! மெஷின் கருகிப் போச்சு. நீ தகடு பொதச்சத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். கம்பிய அறுத்தும் பாத்துட்டேன், அதுக்குள்ள உன் தகடு வேலையக் காட்டிடுச்சு!"

"கம்பிய அறுத்துட்டியா?" மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப் பைத்தியக்காரி! உனக்குச் செய்வினை வைக்க நான் எதுக்குடி ஒரு கூடை கரிய வீணாக்கணும்?"

"பேச்ச மாத்தாத. குழியப் பாத்து மந்திரம் சொன்னியா இல்லியா?"

"மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. குழிக்குள்ள நின்ன ஆளுகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

"எந்த ஆளு?"

மூத்தவளின் பார்வை இளையவளின் தோளுக்குப் பின்னால் போனது.

இளையவள் திரும்பினாள். வானம் கறுத்ததுமே வேலையிலிருந்து ஓடிவந்த கணவன், அறுந்த கம்பியின் நுனியைப் பிடித்தபடி மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"நான்தான்... உன் மெஷினுக்கு எர்த்து போட நம்ம பக்கம் மண்ணே இல்லியே!"