இணையில்லாத பின்னல்

பிப்ரவரி 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் தலைமுடியைப் பற்றி மாலை வகுப்பில் வாயைத் திறந்துவிட்டேன்.

பாடம் கம்பளிப் பின்னலின் வரலாறு. அதற்கான ஆதாரங்களை எப்படி எடை போடுவது என்பது. ஆசிரியர் தம் புதுப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். அட்டையில் எங்கள் ஊர்க் கல்லறைக் கல் ஒன்றின் படம். 'பின்னலில் இவளுக்கு இணையில்லை. இனி ஊரில் அமைதி. இப்படிக்கு, கணவன்.'

"நம்ம ஊரோட முதல் பின்னல்காரி இவங்கதான்," என்றார். "அமைதின்னா என்ன? ஊசி ரெண்டும் மோதுற சத்தம் நின்னுபோச்சுன்னு அர்த்தம்! ஆயிரம் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னியிருக்காங்க."

அவர் கற்றுத்தந்த முதல் கேள்வியையே அவரிடம் கேட்டேன். "யார் சார் சொன்னது?"

"அவங்களே சொன்னது! பழைய பத்திரிகையில பேட்டியே வந்திருக்கு. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

அத்தோடு விட்டிருக்கலாம். "சார், பின்னல்னா சடையாவும் இருக்கலாமே? அவங்களுக்கு முடி நீளமா இருந்திருக்கும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"இது ஆறு வருஷ உழைப்பும்மா. சடைதான்னு நாளைக்குள்ள நிரூபி. இல்லைன்னா சான்றிதழை மறந்துடு."

சான்றிதழ் இல்லாவிட்டால் நூலகத்தில் என் தற்காலிக வேலை அவ்வளவுதான். வகுப்பு விட்டதும் மூலைச் சலூனுக்கு ஓடினேன். அந்தப் பெண்ணின் வம்சத்தில் மிஞ்சியிருப்பவர் சலூன்காரர்தான். முடி விஷயம் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒருவருக்குப் பாதிக் கன்னம் வழித்திருந்தார்.

"அண்ணே, உங்க கொள்ளுப்பாட்டிக்கு முடி ரொம்ப நீளமா?"

"முடியா? எலிவால் மாதிரி நாலு இழை. எங்க தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

வேலை போனது போனதுதான். "அப்போ சார் சொன்னதுதான் சரி," என்றேன். "காலுறைதான் பின்னியிருக்காங்க."

"யாரு, அவங்களா? ஊசியில நூல் கோக்கக்கூட வராதாம்."

சோப்பு நுரையோடு நாற்காலிக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"பின்னே எதைத்தான் அண்ணே பின்னினாங்க?"

சலூன்காரர் கத்தியை நிதானமாகத் துடைத்தார்.

"கதைம்மா. வாயைத் திறந்தா அத்தனையும் பொய்."

நாளைய வேலை: வகுப்புக்குக் கொஞ்சம் முன்பே போய் ஆசிரியரிடம் இதைச் சொல்ல வேண்டும். முதலில் அவரை உட்கார வைக்க வேண்டும்.