ராவுத்தர் ஓதிய பாத்தியா

“பாத்தியா ஓதாம அல்லாசாமிய எப்புடித் தூக்குறது?” என்றார் நாட்டாமை. மொகரம் ஊர்வலத்துக்கு அல்லாசாமியின் வெள்ளிக் கை மாரியம்மன் கோயில் வாசலில் பூச்சூடி நின்றது. பூக்குழியும் கனிந்துவிட்டது. வருசம் தவறாமல் ஓதிய தாவூது ராவுத்தர், ஊரிலிருந்த ஒரே முஸ்லிம், போன மாதம்தான் கண்ணை மூடினார். முப்பது வருசமாக அவர் பக்கத்தில் சாம்பிராணித் தட்டோடு நின்ற வடிவாம்பாள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முன்னால் வந்தாள். பொருள் தெரியாத அந்த அரபு வரிகள் ராவுத்தரின் அதே இழுவையோடு அவள் வாயில் வந்தன. ஓதி முடித்தாள். ஊர் கூப்பிய கையை இறக்காமல் இன்னும் காத்திருந்தது. எதை விட்டோமோ என்று பதறினாள். பிறகு ஞாபகம் வந்தது. ராவுத்தரைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் இருமினாள்.

“ஆமீன்” என்றது ஊர்.