காலிக் கட்டங்கள்

மீனவர் சங்கத்தில் யாருக்கு எந்த நாள் எவ்வளவு இறால் பட்டது என்று மாலா அட்டவணை போட்டிருந்தாள். சராசரியில் முந்துபவருக்குப் புது வலை.

"காலிக் கட்டத்துல சைபர் போட்டுடும்மா, பாக்க அசிங்கமா கீது" என்றார் செயலாளர் தாமோதரன்.

போட்டாள். சராசரியில் முதலிடத்தில் இருந்த எத்திராஜ் கீழே இறங்கிவிட்டார். தப்பு தன்னுடையதோ என்று பயந்து, அவரையே கேட்டாள்.

"பாதி நாள் ஏன்ணா ஒண்ணுமே படல?"

"இன்னாம்மா, வலையே போடலியே! ஏரியில வலை போட ஒருநாள் எங்க பாடு, மறுநாள் அடுத்தவங்க பாடு. முறை தப்பி யாரும் எறங்க முடியாது."

மாலா சைபர்களை அழித்தாள். எல்லார் வரிசையிலும் பாதிக் கட்டங்கள் காலியாயின. ஒரே ஒரு வரிசை மட்டும் முப்பது நாளும் நிரம்பியிருந்தது.

பெயரைப் பார்த்துவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்களுக்கு மட்டும் தினமும் பாடா?"