குளவி காத்த எஞ்சின்

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையின் மதிய வெயிலில், பைக் எஞ்சின் ஒன்றின் முன் மெக்கானிக் அக்கா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் கடைகடையாக ரொட்டி போடும் பைக் இரண்டு வாரமாக நிற்கிறது. அதற்கு இந்த மாடல் சிலிண்டர்தான் வேண்டும். இதுவரை பார்த்த நான்கு எஞ்சின்களிலும் ஸ்பார்க் பிளக் இல்லாத துளை வழியே மழை இறங்கி உள்ளெல்லாம் துரு. இதன் துளையைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கிறது. "ஏம்மா, குளவி குடியேறுன எஞ்சின் உனக்கெதுக்கு?" என்று சிரிக்கிறார் கடைக்காரர். "வா, போயிரலாம்" என்கிறான் கூட வந்த புருஷன். அவள் எஞ்சினைச் சாய்த்து, உள்ளே விழாதபடி திருப்புளியால் கூட்டைப் பெயர்க்கிறாள். காய்ந்த மண் பொலபொலவென்று அவள் மடியில் உதிர்கிறது. டார்ச் அடிக்கிறாள். சிலிண்டர் கண்ணாடியாய் மின்னுகிறது; பொட்டுத் துரு இல்லை. கடைக்காரரும் குனிந்து எட்டிப் பார்க்கிறார். மடியைத் தட்டிக்கொண்டு எழுகிறாள் அக்கா. "குடியிருந்தவ வீட்டைச் சுத்தமா வச்சிருந்திருக்கா. ம், தூக்குங்க!"