ஆஷ்கோம் மாளிகையின் வயது

"அக்கா, வாயைத் திறக்காதே! தாத்தா மானம் கப்பலேறிடும்!"

ஹம்ஃப்ரி கெஞ்சினார். வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றிருந்தார். ஜன்னல் இடுக்கில் ஜனவரிக் காற்று விசிலடித்தது.

"மானத்தைப் போர்த்திக்கிட்டுத் தூங்க முடியுமாடா? ராத்திரி பூரா இருமறே!" என்றாள் வினிஃப்ரெட்.

ஆஷ்கோம் மாளிகை நானூறு வருஷத்துக்கு மேல் பழமையான, ட்யூடர் ராஜாக்கள் காலத்துக் கட்டடம் என்று அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெருமையால், ஓட்டை ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடக்கூட அனுமதி கிடைக்கவில்லை. தம்பிக்கோ நெஞ்சுச் சளி. இப்போது ஆய்வு அதிகாரி பென்ஹேல் தானாகவே வீடு தேடி வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது?

"மேடம், நான் வந்த விஷயம்..." இருவரும் கூடத்துக்குள் நுழைந்ததும் பென்ஹேல் ஆரம்பித்தார்.

"இருங்க சார், முதல்ல நான் சொல்லிடறேன். இது ட்யூடரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சோப்பு வித்த காசுல எங்க தாத்தா 1911ல கட்டினது!"

ஹம்ஃப்ரி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அப்ப அந்த உத்தரம்?"

"புது மரம். சங்கிலியால அடிச்சு, புகை போட்டுக் கறுப்பாக்கினது."

"அதுல பூச்சி அரிச்ச ஓட்டை?"

"தாத்தாவே உட்கார்ந்து ஊசியால குத்தினது."

"சுவர்ல இருக்கற முன்னோர் படங்கள்?"

"ஏலத்துல எடுத்தவங்க. யார் பெத்த பிள்ளைகளோ!"

மூன்று தலைமுறையாகக் கட்டிக்காத்த பொய். போட்டு உடைத்ததில் வினிஃப்ரெட்டுக்குக் கன்னம் சுட்டது. இருந்தாலும் தம்பியின் இருமலுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு அவமானமா?

பென்ஹேல் உத்தரத்தைத் தடவிப் பார்த்தார். மாடிப்படியில் மண்டியிட்டு முகர்ந்தும் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் பல்.

"அபாரம் மேடம்! எங்களையே இத்தனை வருஷம் ஏமாத்தின வீடு நாட்டுலயே இது ஒண்ணுதான். முதல் தரப் பாதுகாப்புக்கு இன்னிக்கே எழுதிடறேன். இனிமே ஜன்னல் கொக்கியைக்கூடத் தொட்டுடாதீங்க!"

வினிஃப்ரெட் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப... நீங்க எதுக்கு சார் வந்தீங்க?"

"அதைத்தானே சொல்ல வந்தேன், எங்கே விட்டீங்க? நிஜ ட்யூடர் வீடு நிறைய இருக்கு, இதை ரொம்ப மாத்திக் கட்டிட்டாங்கன்னு நினைச்சோம். பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு, இஷ்டப்படி ஜன்னல் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்!"